யாரும் பொத்தானை அழுத்தாத நேரம்

ஒலுவில் துறைமுகத்தில்
கப்பல் வராத மேடையின் மேல்
பெயர் வாய்க்குள் நுழையாத ஒரு கிரகம்.
வாயை மணல் அடைத்துக் கிடப்பதால்
வாடகை மலிவு என்றார்
மெனேஜர் சபூர்தீன்.

எனக்கு அறுபத்தொன்பது.
நாற்பத்தாறு படங்களில் செத்திருக்கிறேன்.
கத்திக்குத்து பதினாறு,
துவக்குச்சூடு பதினெட்டு,
கிணற்றில் ஒன்று,
மாடு முட்டி ஒன்று.
அதையும் வெட்டிவிட்டார்கள், படத்தில் மாடு மட்டும் இருக்கிறது.
மிச்சத்துக்குக் காரணம்
எடுத்தவர்களுக்கே தெரியாது.
பெரும்பாலும் இடைவேளைக்கு முன்னம்.

கோடம்பாக்கத்தில் என் பேச்சை
இன்னொருவர் பேசினார்.
மட்டக்களப்பு வாடை அடிக்குதாம்.
இருபத்திரண்டு வருஷம்
என் வாயசைவுக்கு வேறு தொண்டை.
கல்லடியிலிருந்து படம் பார்க்கப் போன அக்கா
வீடு திரும்பி எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறது:
‘அது நீயில்ல மனே, உன்னப்போல ஆரோ.’

சாகாத நாட்களில் என் வேலை
கதாநாயகனுக்குப் பின்னால் நிற்பது.
அவர் பேசுவார், அழுவார், சட்டையைக் கிழிப்பார்.
நான் இமைத்தால் மறு டேக்.
நிற்பதற்கு ஒரு நாளைக்கு எழுபத்தைந்து ரூபாய்,
மத்தியானச் சாப்பாடு.

ருக்சானா சாய்ந்தமருதுக்காரி.
இந்தப் படத்தின் நெறியாளர்.
மடிக்கணினியை மீன் பெட்டி மேல் வைத்து
கேமைத் திறந்து காட்டினாள்.
‘உப்புக்கோள்’.
கடல் வற்றிய உலகில்
கடைசிக் கப்பலின் கிழட்டுக் கப்டன், ஓரன்.
‘விளையாடின சனம் கட்டாயம் வரும் சேர்.
ஒண்டு பிசகினாலும் கிழிச்சுப் போட்டுரும்.’

வசனம் எத்தனை பக்கம் என்று கேட்டேன்.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.
திரையில் கிழவன் நின்றான்.
வலக்காலின் பாரம் மெல்ல இடக்காலுக்குப் போனது.
மூச்சு, தோளை ஒரு விரல் அளவு தூக்கியது.
பதினொரு வினாடியில் காதைச் சொறிந்தான்.
இல்லாத கடலைப் பார்த்தான்.
பிறகு மறுபடியும் வலக்கால்.

‘இதுதான் சேர்.
ஆரும் பொத்தான அமத்தாத நேரம்
இவர் இப்படித்தான் நிப்பாரு.
சனம் இதுலதான் மயங்கினது.’

நான் சிரித்த சிரிப்பில்
மீன் பெட்டி ஆடியது.
அவள் பயந்துபோய் மடிக்கணினியை மூடினாள்.

தண்ணீர்த் தாங்கியை அறுத்துச் செய்த தலைக்கவசம்.
உள்ளே பிசின் மணம், என் சொந்த வியர்வை.
கேபிள் இழுக்கும் இம்தாத்
கவசத்தின் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னான்:
‘சேர், நான் கப்டனாகி
நானூறு தரம் மவுத்தாயிருப்பன்.’
இடைவேளைக்கு முன்னமா என்றேன்.
‘அதுல இடைவேளை இல்ல சேர்.
செத்தா திரும்ப எழும்பலாம்.’

நாலு முப்பதுக்கு வெயில் செம்பானது.
நின்றேன்.
வலக்கால். இடக்கால். மூச்சு.
அவள் கட் சொல்லவில்லை.
பதினொன்று போய் இருபது, நாற்பது.
முழங்காலில் பழைய சண்டைக் காட்சி ஒன்று
மெல்ல வலிக்கத் தொடங்கியது.
எனக்கு முன்னால் எந்தக் கதாநாயகனும் இல்லை.

அப்போது சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர்
வலையைத் தோளில் போட்டு
கமராவுக்குள் நேரே நடந்து வந்தார்.
என் தலைக்கவசத்தைத் தட்டிப் பார்த்தார்.

‘என்னத்தப் பாத்துட்டு நிக்கிறீங்க?’

‘கடல.’

என் தொண்டைதான் பேசியது.

‘எங்கட வள்ளம் போற வழியயும் பாருங்க,
மண் எப்ப விலகும் எண்டு’
என்று சொல்லிப் போய்விட்டார்.

அது படத்தில் இருக்குமோ தெரியாது.
டப்பிங் வேண்டாம் என்று ருக்சானா சொல்கிறாள்,
பிழை என்று சவுண்ட்காரன் சொல்கிறான்.
மெனேஜர் அவரைத் தேடிப் போய்
ஒரு சோற்றுப் பார்சலும்
கையெழுத்துக்கு ஒரு தாளும் நீட்டினார்.
சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டாராம்.

ஏழு மணி மட்டக்களப்பு பஸ்.
நிந்தவூர், காரைதீவு, கல்முனை,
களுவாஞ்சிக்குடி வரைக்கும் சீட் இல்லை.
கம்பியைப் பிடித்து நின்றேன்.
வலக்கால்.
இடக்கால்.
நன்றாகத்தான் நின்றேன்.